மாமாவின் காதும் வண்டியின் கிரவுனும்

தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய சொகுசு கார் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார். வக்கீல் ஓட்டிய வண்டி, ரியல் எஸ்டேட்காரர் ஓட்டிய வண்டி, கல்யாண மண்டப முதலாளி ஓட்டிய வண்டி எல்லாம் எந்தக் கடலில் போய் விழுகின்றனவோ, மார்க்கெட்டுக்கு வருவது டாக்டர் வண்டி மட்டும்தான். அந்த டாக்டரும் வீட்டிலிருந்து கிளினிக்குக்கும் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கும் போவதைத் தவிர வேறு பாவம் அறியாதவர். அறுபதுக்கு மேல் முள்ளை ஏற்றாதவர். மழைத் தூறல் விழுந்தால் வண்டியை ஷெட்டை விட்டே எடுக்காதவர். இவ்வளவு நல்ல மனிதர் இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறார் என்று கேட்டால், "யு.எஸ்.ல பையன்கிட்ட போய்ட்டார் சார்" என்பார் புரோக்கர். அதோடு விசாரணை முடிந்துவிடும். அமெரிக்கா போய் யார் கேட்பது?

எங்கள் வண்டியையும் ஒரு டாக்டர்தான் ஓட்டினாராம். வண்டியின் பெயர் வேண்டாம், விற்ற இடத்தின் பெயரும் வேண்டாம். ஐரோப்பாவில் பிறந்த எஸ்யூவி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜாதி. ஷோரூமிலிருந்து புதிதாக இறங்கியபோது 70 லட்சத்துக்கு மேல். பத்து வயதானதும் 15 லட்சத்தில் வந்து நின்றது. ஒரு சாதாரணப் புது கார் வாங்கும் பணத்துக்குக் கூரை முழுக்கக் கண்ணாடி, முதுகு பிடித்துவிடும் சீட்டு, திரும்பிய இடமெல்லாம் ஸ்பீக்கர், கையைக் காட்டினால் தானே திறக்கும் டிக்கி. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அதுவரை எங்களுக்கு கேட்டைத் திறப்பதோடு சரி; இந்த வண்டி வந்தபின் சல்யூட்டும் அடிக்க ஆரம்பித்தார்.

டெலிவரி அன்று நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். "ஃபோர் வீல் டிரைவ் சார், நாலு பழமும் ஒரே நேரத்துல நசுங்கும், பாருங்க" என்று புரோக்கர் பெருமைப்பட்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்க எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஆனால் நல்ல நேரத்தில் கேட்கக்கூடாத கேள்வி அது.

அந்தக் கூட்டத்தில் வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்காத ஒரே ஆள் என் மாமனார். அரசு பஸ் டெப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். பானெட்டைத் திறந்து காட்டியபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, ஏதாவது விழுந்துடுச்சா?"

"இன்னும் விழல மாப்பிள்ளை" என்றார்.

சத்தம் ஆரம்பத்தில் எங்கள் காதுக்கு எட்டவேயில்லை. அதற்கும் வண்டியின் சொகுசுதான் காரணம். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவுக்குள் பஞ்சு, தரைக்கு அடியில் ரப்பர் என்று வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கவே பல லட்சம் செலவழித்து வண்டியைச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் லாரிக்காரர் ஏர் ஹாரன் அடித்தாலும் உள்ளே கேட்காது. அதே நியாயப்படி, வண்டி செத்துக்கொண்டிருந்தாலும் உள்ளே கேட்காது. நாற்பது வருஷம் ஓட்டை பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லிப் பழகிய காதுக்கு மட்டும் இந்த ஏற்பாடுகள் செல்லுபடி ஆகவில்லை.

திண்டிவனம் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். செங்கல்பட்டு தாண்டி ரோடு நீண்டதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, ராஜாவைக் கொஞ்சம் நிறுத்துங்க."

இளையராஜாவை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு என் மாமனார் எதற்கும் துணிந்ததில்லை. விஷயம் பெரிது என்று புரிந்து, நிறுத்தினேன்.

"ஏசியையும்."

அதையும் நிறுத்தினேன். அப்போதுதான் கேட்டது. 'ஊ...' என்று மெல்லியதாக, ஒரே சுருதியில், முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஏசி சத்தம்பா அது, இப்பதான நின்னுச்சு, அடங்கும்" என்றாள் மனைவி. "தாத்தா, மேல பிளேன் போகுது" என்றான் பையன். மாமா இரண்டையும் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எனக்கு உத்தரவு போட ஆரம்பித்தார்.

"அறுபதுல புடிங்க. ம். எண்பதுக்கு ஏத்துங்க."

சுருதி ஏறியது.

"இப்ப காலை எடுங்க."

சத்தம் சட்டென்று குரல் மாறி, தேய்ந்து, மறுபடி மிதித்ததும் வந்தது.

"கியரை ஒண்ணு இறக்குங்க, ஸ்பீடு மாறக்கூடாது."

இன்ஜின் சத்தம் கூடியது. 'ஊ' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப இன்ஜின் இல்ல. கியர்பாக்ஸும் இருக்காது. ரோடு கரகரப்பா இருக்கிற எடத்துலயும் மாறல, அதனால டயரும் இல்ல." கண்ணைத் திறந்தார். "கிரவுன் அழுவுது மாப்பிள்ளை."

பத்து லட்ச ரூபாய் கருவி செய்ய வேண்டிய வேலையை ஆத்தூர் டோல்கேட் வருவதற்குள் முடித்துவிட்டு, அவர் தூங்கிப் போனார். எனக்குத்தான் வளைகாப்பில் சித்ரான்னம் இறங்கவில்லை.

கிரவுன் என்று மாமா சொன்னது பின் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை. வண்டியின் முன்னாலிருந்து நீளமான தண்டு ஒன்று சுற்றிக்கொண்டே பின்னால் வருகிறது. அந்தச் சுற்றலை அப்படியே வலப்புறமும் இடப்புறமும் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்க வேண்டும். தண்டின் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரம் பினியன். அது கடித்துச் சுற்றும் பெரிய வட்டம் கிரவுன். திருப்பிக் கொடுப்பது பாதி வேலைதான். மீதி வேலை, இரண்டு சக்கரத்துக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது.

ஒரு யூ டர்ன் போடுங்கள். வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும், உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1.6 மீட்டர் அகலம் இருந்தால், ஒரே ஒரு யூ டர்னுக்குள் வெளிச்சக்கரம் 5 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகக் கட்டினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டுதான் வரும். மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இழுப்பது மாடு, சக்கரங்கள் அச்சில் அதனதன் இஷ்டத்துக்குச் சுற்றுகின்றன. தேரை இழுப்பதும் வடம்தான். அது வீதி முனையில் திரும்ப முட்டுக்கட்டை போடும் ஆட்கள் போதும். சக்கரத்தையே இன்ஜினோ மிதியோ சுழற்ற ஆரம்பித்த பிறகுதான் வண்டிக்கு டிஃபரன்ஷியல் தேவைப்பட்டது.

1820களின் இறுதியில் பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கினார். கடிகாரம் செய்கிறவர் அவர். சின்னப் பல்சக்கரங்களின் குடும்பச் சண்டையைத் தீர்க்க அவரைவிடத் தகுதியான ஆள் கிடைக்காது. எனக்குப் பிடித்த ஆள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி. அவரும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கச் சக்கரத்தை மிதிக்கும் வண்டி ஒன்றில் போனார்களாம். ஒருவர் மிதி பலமாகவும் மற்றவர் மிதி தளர்வாகவும் போக, வண்டி திரும்பி ரோட்டோரத்துக் காஞ்சொறிச் செடிகளுக்குள் பாய்ந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். உடம்பெல்லாம் அரிப்போடு யோசித்தவர் 1877ல் தன் மிதிவண்டிகளுக்கு டிஃபரன்ஷியல் வைத்துவிட்டார். குடும்பத்தில் யார் எவ்வளவு மிதிக்கிறார்கள் என்ற வழக்கு அதற்குப் பிறகும் தீரவில்லை. வண்டியில் மட்டும் தீர்ந்தது.

காரில் இன்னொரு நுணுக்கமும் சேர்ந்தது. 1926 வாக்கில் அமெரிக்காவின் பேக்கார்டு கம்பெனி, பினியனைக் கிரவுனின் மையத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தது. ஹைப்பாய்டு என்று அதற்குப் பெயர். தண்டு கீழே இறங்கியதால் காரின் தரையும் கீழே இறங்கி, வண்டி தாழ்வாகவும் சத்தமில்லாமலும் ஓடியது. ஆனால் இறக்கி வைத்ததால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளுவதோடு நிற்காமல் வழுக்கித் தேய்க்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தைச் சாதாரண ஆயில் தாங்காது. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த தனி ஆயில் ஊற்ற வேண்டும். கராஜில் அழுகின முட்டை நாற்றம் வந்தால் யாரோ டிஃபரன்ஷியலைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்சீட்டில் சந்தன வாசனை டப்பா வைத்திருக்கும் சொகுசுக் காரின் பின்பக்கத்து உண்மையான மணம் இதுதான்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கல்யாண ரிசப்ஷனுக்கு வந்தவர்களை வரவேற்பது மாதிரி வரவேற்றார்கள். தோல் சோபா, காபி மெஷின், பெரிய டிவி. காபி இலவசம் என்றார்கள். பில் வந்தபின்தான் அந்தக் காபியின் விலை தெரியும் என்பதை மனைவி முதலிலேயே கண்டுபிடித்து, குடிக்க மறுத்துவிட்டாள்.

அட்வைசர் இளைஞர், மரியாதையான பிள்ளை. லேப்டாப்பை வண்டியில் செருகிப் பத்து நிமிஷம் பார்த்தார். "ஃபால்ட் கோட் எதுவும் இல்ல சார். வண்டி ஹெல்த்தியா இருக்கு."

"கிரவுன் அழுவுது தம்பி" என்றார் மாமா.

"சிஸ்டம்ல காட்டலையே சார்."

"அதுக்கு எப்படிப்பா தெரியும்? அதுக்கு காது இல்லயே."

மாமா சொன்னது இன்ஜினியரிங் உண்மை. டிஃபரன்ஷியலைப் பூட்டித் திறக்கும் எலக்ட்ரானிக் மோட்டார் இருந்தால், அது கெட்டால் விளக்கு எரியும். பல் தேய்ந்ததையோ பேரிங் அரித்ததையோ சொல்ல உள்ளே சென்சார் எதுவும் கிடையாது. அது வெறும் இரும்பு. இரும்பு தன் குறையை வாய்விட்டுத்தான் சொல்லும்.

ஒரு சீனியர் டெக்னீஷியன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மாமாவை மரியாதையோடு பார்த்தார். எஸ்டிமேட் வந்தது. டிஃபரன்ஷியல் அசெம்பிளி, சீல், போல்ட், ஆயில், லேபர், வரி எல்லாம் சேர்த்து ஏழு லட்சத்துச் சொச்சம். ஏழைக் கூட்டிய கை, சொச்சத்தையாவது குறைத்திருக்கலாம்.

"உள்ள இருக்கிற பேரிங் மட்டும் மாத்த முடியாதா?"

"தனியா வராது சார். அசெம்பிளியாத்தான் வரும். ஜெர்மனிலேர்ந்து ஆறு வாரம்."

"ஆயிலாவது மாத்திப் பார்க்கலாமே?"

"மேனுவல்படி இந்த ஆயிலுக்கு மாத்துற கணக்கே இல்ல சார். வண்டி இருக்கிற வரைக்கும் அதே ஆயில்தான்."

வெளியே வந்ததும் மாமா அடக்கிவைத்ததைச் சொன்னார். "டெப்போவுல ஒரு தெர்மாஸ் டீயக்கூட சாயந்திரத்துக்கு மேல வெச்சுக்க மாட்டோம். பத்து வருஷமா ஒரே ஆயிலாம்!" வண்டி செய்கிறவரின் கணக்கில் வண்டி வாங்குகிறவர் முதல் சொந்தக்காரர் மட்டும்தான். அவர் கையில் இருக்கும் வரை ஆயில் தாங்கினால் கம்பெனிக்குப் போதும். இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர்களுக்கு மேனுவலில் பக்கம் ஒதுக்கவில்லை.

மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவரின் சிஷ்யர், அம்பத்தூர் பக்கம் ஷெட் வைத்திருக்கிறார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். சோபா கிடையாது. உட்கார ஒரு பழைய பஸ் சீட்டு. மாமா அதில் உட்கார்ந்ததும் சொந்த வீட்டுக்கு வந்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. பாய் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே போய் நின்றார். பூசணிக்காய் அளவு அலுமினிய உருண்டை ஒன்று பின்னச்சின் நடுவே தொங்கியது. ஏழு லட்சம் அதுதான்.

பாய் முதலில் மேலே உள்ள அடைப்பைத் திறந்தார், ஆயில் ஊற்றும் வாய்.

"வடிக்கணும்னா கீழ இருக்கிறதத்தானே திறக்கணும்?" என்றேன்.

"கீழ தொறந்து எல்லாம் வடிச்சிட்டு, மேல இருக்கிற மூடி துருப்பிடிச்சு வரலன்னா? வண்டி இங்கயே குடித்தனம் இருக்கும் சார்" என்றார். ஊற்றும் வழி திறக்குமா என்று பார்க்காமல் வடிக்கும் வழியைத் திறக்காதே. வீட்டு பட்ஜெட்டுக்கும் இந்த விதியைச் சிபாரிசு செய்கிறேன்.

பிறகு கீழ் அடைப்பைத் திறந்தார். தேன் நிறத்தில் ஒழுக வேண்டிய ஆயில் கெட்டியாகப் பாலூற்றிய டீ நிறத்தில் இறங்கியது. அடைப்பின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. தேயும் இரும்புத்தூளைப் பிடித்து வைப்பதற்கு. அதன்மேல் கறுப்பாகப் பசை அப்பியிருந்தது. பாய் அதை வழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். மாமாவும் ஒரு துளி வாங்கித் தேய்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் ஒரு துளி கிடைத்தது. விபூதியின் நைசோடு ஆரம்பித்து, நடுவே நறநறவென்று எதுவோ உறுத்தியது. வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் செதில் ஒன்று மினுங்கியது.

"தூள் இருக்கலாம் சார், அது வயசுக்கு வர்றது. செதில் இருக்கக்கூடாது. பேரிங் உரிஞ்சிருக்கு." பாய் ஆயில் வடித்த டப்பாவை ஆட்டிக் காட்டினார். "இதுல பாருங்க, பால் கலரு. தண்ணி குடிச்சிருக்கு."

"யார் குடிக்கவெச்சது?"

"டிசம்பர் மாசம்" என்றார் பாய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை நனைத்தபோது எத்தனை கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன என்று ஊருக்கே தெரியும். அவற்றில் சில இன்ஷூரன்ஸில் போயின. சில பழைய இரும்புக்குப் போயின. மற்றவை காய்ந்து, கழுவி, வாசனை அடித்து, டாக்டர் வண்டியாக மறுபிறவி எடுத்தன. டிஃபரன்ஷியலுக்குள் காற்று சூடாகி விரிந்தால் வெளியேறுவதற்கு ஒரு மூச்சுக்குழாய் வைத்திருப்பார்கள். சூடான வண்டி தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சுருங்கும். சுருங்கும்போது அது வெளியே இருப்பதை உறிஞ்சும், வெளியே இருப்பது காற்றா கூவமா என்று பார்க்காது. நாள் கணக்கில் முழுகி நின்றாலும் சீல் வழியே கசிந்து உள்ளே போகும். இன்ஜினை எல்லோரும் திறந்து பார்ப்பார்கள். சீட்டைக் கழற்றிக் காயவைப்பார்கள். பின்னால் தொங்கும் உருண்டைக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆயிலோடு அது கலந்து, பேரிங்கில் துரு வைத்து, துரு அரித்த பள்ளத்தில் உருளைகள் ஏறி இறங்கி, ஒருநாள் 'ஊ' என்கிறது.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் காரை நிறுத்தி வைத்தார்களே, நாடே பார்த்துச் சிரித்தது. நான் இனிச் சிரிக்கமாட்டேன். அவர்கள் காப்பாற்றியது டிஃபரன்ஷியலை.

அடுத்து புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில் கூவத்தின் கரையில், இந்தியாவில் ஓடிய எந்த வண்டியின் எந்த உறுப்பும் கிடைக்கும் தெருக்கள். கதவுகள் ஒரு பக்கம் அடுக்கு அடுக்காக, இன்ஜின்கள் ஒரு பக்கம், ஹெட்லைட்டுகள் கண்களாக உங்களையே பார்த்துக்கொண்டு. நம் வண்டியின் டிஃபரன்ஷியலும் இருந்தது. விபத்தில் முன்பக்கம் போன வண்டியிலிருந்து கழற்றியது என்றார் கடைக்காரர். முன்பக்கம் அடிபட்ட வண்டியின் பின்பக்கம் பத்திரமாக இருக்கும் என்பது புதுப்பேட்டையின் தர்க்கசாஸ்திரம், மறுக்க முடியாது. ஒன்றரை லட்சத்தில் ஆரம்பித்தார்.

பாய் பேரத்தில் தலையிடவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைத் துடைத்துப் படித்துவிட்டு, "ரேஷியோ வேற" என்று திரும்பிவிட்டார். ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே உருண்டை. ஆனால் டீசல் வண்டிக்கு ஒரு பல் கணக்கு, பெட்ரோல் வண்டிக்கு இன்னொரு பல் கணக்கு. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னால் ஒரு கணக்கும் பின்னால் வேறு கணக்கும் மாட்டினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் எப்போதும் எதிரும் புதிருமாக இழுக்கும். நடுவில் மாட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடேறிச் சாகும். மருமகளும் மாமியாரும் இருக்கும் வீட்டில் நடுவில் நிற்கும் ஆணுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"வாங்க சார், நம்மளதையே பிரிச்சுடலாம்" என்றார் பாய்.

பிரித்தார். பேரிங்குகள் நாலும் போயிருந்தன. கிரவுன் பற்களில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு மெல்லிய துருக்கோடு. பல் உடையவில்லை. இங்கேதான் எனக்குக் கிடைத்த பெரிய செய்தி: தனியாக வராது என்று கம்பெனி சொன்ன பேரிங்கின் பக்கவாட்டில், அதைச் செய்த பேரிங் கம்பெனியின் பெயரும் எண்ணும் பொறித்திருந்தன. அந்த எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். கார் கம்பெனி பேரிங் செய்வதில்லை, பெட்டி செய்கிறது. நாம் கட்டும் விலையில் பெரும்பங்கு பெட்டிக்கும் அதன்மேல் உள்ள சின்னத்துக்கும்.

பேரிங் போடுவது சுலபம், பொருத்துவதுதான் வித்தை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துத் தேய்த்து எடுத்தவை. ஒன்றை விட்டு ஒன்றை மாற்றக்கூடாது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கூடினால் இரண்டு பங்கு இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் சூடேறும், கூடினால் தட்டும். காகித கனத்தில் ஷிம் வளையங்களை வைத்தும் எடுத்தும் பாய் அதைச் சரிபண்ணினார். பல்லின்மேல் நீலச்சாயம் தடவிக் கையால் சுற்றிப் பார்த்தார். சாயம் பல்லின் நுனியில் பட்டால் ஒரு திருத்தம், அடியில் பட்டால் இன்னொரு திருத்தம், நடுவில் முட்டை வடிவில் பட்டால்தான் சரி. மறுபடி கழற்றினார், மறுபடி ஷிம், மறுபடி சாயம். மாமா பஸ் சீட்டை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கல்யாணத்துக்குக்கூட மத்தியானத் தூக்கத்தை விடாதவர் அன்று இருட்டும் வரை கண் மூடவில்லை. நீலம் நடுவில் வந்து உட்கார்ந்தபோது, "ம்" என்றார். என் பெண் பார்க்கும் படலத்திலும் அவர் அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாம் முடிந்தபின் பாய் டயரைக் காட்டினார். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு மொட்டை. வண்டி விற்ற இடத்தில் பளபளப்புக்காகப் போட்டுக் கொடுத்தது. "நாலும் இழுக்கிற வண்டிக்கு இது ஆவாது சார். மொட்டை டயரு சுத்தளவு கம்மி, அது வேகமா சுத்தும். நேர் ரோட்டுலயே உள்ள வேலை ஓடிக்கினே இருக்கும்." ஆக, நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம் என்று இன்னொரு செலவு. ஒன்று பஞ்சரானால் ஒன்றை மட்டும் மாற்றும் சுதந்திரம் ஏழை வண்டிக்கு உண்டு. பணக்கார வண்டிக்குக் கிடையாது.

மொத்தச் செலவு, டயர் நீங்கலாக, கம்பெனி சொன்ன தொகையில் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே. ஆறு லட்சம் மிச்சம் பண்ணிவிட்டதாக நான் வீட்டில் சொன்னேன். இல்லாத ஆறு லட்சத்தை மிச்சம் பண்ண முடியாது என்றாள் மனைவி.

மறுபடி செங்கல்பட்டு ரோடு. ராஜா இல்லை, ஏசி இல்லை. அறுபது, எண்பது, நூறு. மிதித்தால் சத்தமே இல்லை. காலை எடுத்தால் மட்டும், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், தூரத்தில் ஒரு முனகல். துரு வைத்த கோடு தன் பங்கைக் கேட்டு வாங்காமல் விடுமா? பாயிடம் போன் போட்டுச் சொன்னேன்.

"அது இருக்கட்டும் சார். இருபதாயிரம் கிலோமீட்டருல ஆயில மாத்துங்க, தூளப் பார்ப்போம். செதில் இல்லன்னா இன்னும் பல வருஷம் ஓடும்."

பின்சீட்டில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அதைவிட நல்ல சர்டிபிகேட் எந்த ஸ்கேனரும் தராது.

பழைய சொகுசு வண்டி வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். 70 லட்ச ரூபாய் வண்டியின் விலை 15 லட்சமாக இறங்கலாம். அதன் உதிரிபாகத்தின் விலை 70 லட்ச வண்டிக்கு உரிய விலையிலேயேதான் நிற்கும். ஆகையால் கூரைக் கண்ணாடியையும் மசாஜ் சீட்டையும் கடைசியில் பாருங்கள். பாட்டையும் ஏசியையும் நிறுத்திவிட்டு எண்பதில் ஓட்டுங்கள். மிதித்துப் பாருங்கள், காலை எடுத்துப் பாருங்கள். பின்னாலிருந்து வரும் சத்தம் காலோடு சேர்ந்து மாறினால் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள். நாலு டயரும் ஒரே ஜாதியா என்று பாருங்கள். கூட வரும் நண்பர்களில் கார் பிரியரை விட்டுவிட்டு, பஸ்ஸோ லாரியோ பழுது பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரை அழைத்துப் போங்கள். கடைசியாக, பின் டிஃபரன்ஷியலின் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டு ஆயிலைப் பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை. ஒரு லிட்டருக்கு முன்னே பின்னே உள்ள ஆயில்தான். அதற்குச் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.